இஸ்ஸா, ஆரா? விதி தெரிந்தும் எழுதும்போது தப்பு வருகிறது, எப்படிப் பழகுவது?

தோவாளைப் பிச்சி:

எல்லாருக்கும் வணக்கம். நான் தோவாளைப் பக்கம். பி.காம் முடித்து நாலு வருஷம் ஆகிறது, பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன், கூடவே பேங்க் கிளர்க் பரீட்சைக்குப் படிக்கிறேன். விடியுமுன்னே லோடு வர ஆரம்பித்தால் பத்து மணி வரைக்கும் தலை நிமிர முடியாது, அதற்கு அப்புறம்தான் புத்தகம்.

கணக்கும் ரீசனிங்கும் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. என்னைப் பின்னால் இழுப்பது இங்கிலீஷ்தான். பிரிலிம்ஸில் 30 கேள்வி, 20 நிமிடம், தப்பாகத் தொட்டால் கால் மார்க் போகும். அதில் ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து எந்தத் துண்டில் தப்பு என்று கேட்பார்களே, அங்கேதான் எழுவாய்க்கும் வினைக்கும் பொருந்தாத தப்பை நான் தாண்டிப் போய்விடுகிறேன். படித்தால் சரியாக இருப்பது போலவே இருக்கிறது.

நாகர்கோவிலில் ஒரு கோச்சிங் சென்டருக்கு மூணு மாசம் போனேன். விதிகளை எல்லாம் அடித்து ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், ஒரு வாக்கியம்கூட எழுத வைக்கவில்லை. அந்தத் தாளை இப்போதும் பார்க்காமல் சொல்வேன். ஆனால் போன வாரம் நானாக ஒரு பக்கம் எழுதிப் பார்த்தபோது வந்தது இதுதான் (போனில் எழுத்தை மாற்றி மாற்றி அடிக்க முடியவில்லை, இங்கிலீஷையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன்):

"தி பிரைஸ் ஆஃப் ஃப்ளவர்ஸ் ஆர் ஹை டுடே." "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஒர்க் இன் சென்னை." "மை ஃபாதர் ஹேவ் எ சைக்கிள்." "ஷீ டஸ்ன்ட் நோஸ் மலையாளம்."

எழுதி முடித்து அரை மணி கழித்துப் பார்த்தால் நாலும் தப்பு என்று எனக்கே தெரிகிறது. எழுதுகிற நேரத்தில் ஏன் தெரியமாட்டேன் என்கிறது? விதி வேண்டாம், தயவுசெய்து பயிற்சி சொல்லுங்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது.

ஆற்றங்கரை குழித்துறை:

தங்கச்சி, நானும் இதே பரீட்சை எழுதித்தான் உள்ளே வந்தேன், மூணாவது தடவையில். நீ எழுதிய நாலில் முதல் இரண்டும் ஒரே வியாதி, கடைசி இரண்டும் வேறு வேறு. முதல் வியாதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு அதிக மார்க் போனது அதில்தான்.

தமிழில் நாம் "பூக்களின் விலை கூடியிருக்கிறது" என்கிறோம். பூக்கள் முன்னால், விலை பின்னால். வினைச்சொல்லை ஒட்டி நிற்பது விலை, அதுதான் எழுவாயும். "படகுகளின் சொந்தக்காரர் வந்தார்", "பிள்ளைகளின் அம்மா வந்தாள்" என்று எதை எடுத்தாலும் அப்படித்தான், தலைச்சொல் கடைசியில் வரும். அதனால் வினைக்குப் பக்கத்தில் நிற்கிற பெயரைப் பார்த்து வாக்கியத்தை முடிப்பது நமக்குப் பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், தமிழில் அது நம்மைக் கைவிடாது. இங்கிலீஷில் அதே சங்கதி திரும்பி நிற்கிறது. "தி பிரைஸ் ஆஃப் ஃப்ளவர்ஸ்" என்னும்போது விலை முன்னால் போய்விட்டது, பூக்கள் வந்து வினையை ஒட்டி நிற்கின்றன. நம் காதுக்கு "ஃப்ளவர்ஸ் ஆர்" என்று ஜோடி சேர்ந்துவிடுகிறது. உனக்கு எழுதும்போது தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம், மூளை தமிழ்ப் பழக்கத்தில் ஓடுகிறது.

நான் செய்த பயிற்சி ஒன்றே ஒன்று. இங்கிலீஷ் பேப்பரில் ஒரு பக்கம், கையில் பென்சில். முதலில் வினைச்சொல்லை மட்டும் வட்டம் போடு. பிறகு தமிழிலேயே கேள்வி கேள்: கூடியிருப்பது எது? பூவா, விலையா? விலை என்று பதில் வந்ததும் அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, வட்டத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் லேசாக அடித்துவிடு. "தி பிரைஸ் ... இஸ் ஹை." மிஞ்சியதை வாய்விட்டுப் படி. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்" என்பதும் இதுதான், வேலை பார்ப்பது எத்தனை பேர்? ஒருத்தி. ஆகவே "ஒர்க்ஸ்". "தி டிரைவர், அலாங் வித் டூ லோட்மென், இஸ் வெயிட்டிங்" என்று வந்தாலும் நடுவில் உள்ளதை அடித்தால் டிரைவர் மட்டும்தான் மிச்சம். "ஆஸ் வெல் ஆஸ்", "டுகெதர் வித்" எல்லாம் இதே குடும்பம்.

ஒரு நாளைக்கு இருபது வாக்கியம், கால் மணி நேரம் ஆகும். ஒரு மாசம் செய்தபின் பென்சில் இல்லாமலே கண் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வேகமாகச் செய்யாதே, ஆரம்பத்தில் மெதுவாகச் செய்தால்தான் பரீட்சையில் அது தானாக நடக்கும்.

இரணியல் வாத்தியார்:

மக்களே, நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் தமிழும் இரண்டும் நடத்தியவன். உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். "கணக்கும் ரீசனிங்கும் ஓரளவு கைக்கு வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பாடம், வினை ஒருமையில். "வந்துவிட்டன" என்று வர வேண்டும். குறையாகச் சொல்லவில்லை, உன் இங்கிலீஷ் தப்பு எங்கே முளைக்கிறது என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

பொருத்தம் என்பது நமக்குப் புதிய விஷயமே இல்லை. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஐந்து பாலுக்கும் வினை முடிவை மாற்றுகிற மொழி நம்முடையது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. பொருந்தாமல் போனால் வழு என்று பெயர் வைத்து, திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழாகப் பிரித்து, தப்பென்றாலும் ஏற்றுக்கொள்ள வேண்டிய இடங்களுக்கு வழுவமைதி என்று தனியாக இடமும் விட்டிருக்கிறார்கள். இங்கிலீஷுக்கும் பழைய காலத்தில் ஆளுக்கொரு விகுதி இருந்தது, தேய்ந்து தேய்ந்து சாதாரண வினைகளில் இப்போது மிஞ்சியிருப்பது நிகழ்காலத்தில் அந்த ஒற்றை "ஸ்" மட்டும்தான். "பி" என்ற வினை ஒன்றுதான் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் என்று பழைய செல்வத்தில் கொஞ்சம் வைத்திருக்கிறது. ஆக நீ ஐந்தைச் சரியாகச் சொல்கிறவள், ஒன்றுக்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பிறகு ஏன் தப்பு வருகிறது? பேச்சில் நாம் பலவின்பாலை விட்டுவிட்டோம். "பூவெல்லாம் வந்துச்சு", "மாடெல்லாம் போச்சு" என்றுதான் சொல்கிறோம், "வந்தன" என்று யாரும் சந்தையில் சொல்வதில்லை. ஆட்களுக்கு ஒருமை பன்மை கவனிக்கிற நாக்கு, பொருட்களுக்குக் கவனிப்பதில்லை. அதனால் பொருட்களைப் பற்றி இங்கிலீஷில் எழுதும்போது கை தடுமாறுகிறது.

உன் மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். "அப்பா வந்தாங்க" என்று மரியாதையாகப் பன்மையில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மனசுக்குள் அப்பா பலர்பாலில் இருக்கிறார், அதனால் "ஹேவ்" வருகிறது. இங்கிலீஷில் மரியாதைக்காக வினை மாறாது, அப்பாவானாலும் கலெக்டரானாலும் ஒருவர் என்றால் "ஹேஸ்"தான். என் வகுப்பில் தங்கையைப் பற்றி எழுதச் சொன்னால் சரியாக எழுதுகிற பிள்ளை, பாட்டியைப் பற்றி எழுதச் சொன்னால் "மை கிராண்ட்மதர் கோ டு சர்ச்" என்று எழுதும். பல வருஷம் பார்த்திருக்கிறேன். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம், மலையாளத்தில் ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு, எல்லாவற்றுக்கும் ஒரே வினை. அந்தப் பிள்ளைகளுக்கு இது அடியிலிருந்தே புதுசு.

இப்போது பயிற்சி. எல்லாப் புத்தகத்திலும் உன் தினசரி வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்வார்கள். "ஐ கெட் அப், ஐ கோ, ஐ ரைட்." அதில் அந்த "ஸ்" ஒரு இடத்தில்கூட வராது, நூறு பக்கம் எழுதினாலும் பழக்கம் ஏறாது. உன்னைப் பற்றி எழுதாதே. உன் அம்மா காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறார் என்று பத்து வரி எழுது. அப்புறம் அதே பத்து வரியை அம்மாவும் சித்தியும் சேர்ந்து செய்வதாக மாற்றி எழுது, ஒவ்வொரு வினையும் மாறும். மூன்றாவதாக அதையே கேள்வியாக மாற்று: "டஸ் ஷீ கெட் அப்", "டூ தே கெட் அப்". உன் நாலாவது தப்பு இங்கே சரியாகும், ஏனென்றால் "டஸ்" என்பதிலேயே அந்த "ஸ்" போய் உட்கார்ந்துவிட்டது, முக்கிய வினைக்கு இனி அது தேவையில்லை. "டஸ்ன்ட் நோ"தான், "நோஸ்" இல்லை.

இதைக் கையால் எழுது. போனில் வேண்டாம், அது தானாகத் திருத்திவிடும், உனக்குத் தப்பு விழுந்ததே தெரியாது.

நைட் டியூட்டி கருங்கல்:

பிச்சி, நான் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி (மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான இங்கிலீஷ் தேர்வு) எழுதுகிறேன், அதில் ரைட்டிங்கில் 45 நிமிடத்துக்குள் கேஸ் நோட்ஸைப் படித்து 180லிருந்து 200 வார்த்தைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். எனக்குப் பயிற்சிக் கடிதம் திருத்துகிறவர் முதல் கடிதத்தில் சிவப்புப் பேனாவால் போட்ட பதினோரு வட்டத்தில் ஏழு இந்த "ஸ்" விட்டுப்போனதுதான். "தி பேஷண்ட் கம்ப்ளெயின் ஆஃப்", "ஷீ டேக் இன்சுலின்", இப்படி.

ரொம்ப நாள் யோசித்ததில் எனக்குப் புரிந்தது, நான் அதைச் சொல்வதே இல்லை. எழுதும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டேதானே எழுதுகிறோம், வாயில் இல்லாதது கையில் எப்படி வரும்? "ஆஸ்க்ஸ்", "காஸ்ட்ஸ்", "லிஃப்ட்ஸ்" என்று கடைசியில் ரெண்டு மூணு மெய்யெழுத்து ஒட்டி வருவது நம் நாக்குக்குப் பழக்கமே இல்லை, கடைசி ஒன்றை விழுங்கிவிடுகிறோம்.

அதனால் நான் செய்வது, ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு நோயாளியைப் பற்றி (பேர் சொல்லாமல்) ரெண்டு நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்வேன். "ஷீ ஈட்ஸ் வெல், ஷீ ஸ்லீப்ஸ் வெல், ஷீ நீட்ஸ் ஹெல்ப் டு வாக்." பிறகு கேட்கும்போது ஒவ்வொரு "ஸ்"ஸுக்கும் ஒரு விரல் மடக்குவேன். முதல் நாள் பதினைந்து வினைக்கு நாலு விரல்தான் மடங்கியது. இப்போது ஒன்றோ இரண்டோ தான் விட்டுப்போகிறது. கேட்பதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், நம் குரல் நமக்கே பிடிக்காது, ஆனால் கண்ணைவிடக் காது சீக்கிரம் கண்டுபிடிக்கிறது.

இன்னொன்று, கடைசியில் "ஸ்" இருக்கிறதே என்று பன்மை என்று நினைத்துவிடாதே. "டயபெடிஸ் இஸ்", "மீசில்ஸ் இஸ்", "தி பல்ஸ் இஸ்", "தி நியூஸ் இஸ்". வார்டில் இதில் நான் பல தடவை மாட்டியிருக்கிறேன். நேர் எதிராக "போலீஸ்", "பீப்பிள்" எல்லாம் "ஆர்". இவை கொஞ்சம்தான், இதை மட்டும் மனப்பாடம் செய்யலாம், தப்பில்லை.

திங்கள்சந்தை 629:

எனக்கு ஸ்கூலில் ஒரு சார் சொல்லிக்கொடுத்த வழி: ஒரு வாக்கியத்துக்கு ஒரு "ஸ்"தான். பெயரில் இருந்தால் வினையில் கிடையாது, பெயரில் இல்லையென்றால் வினையில் வரும். "தி பாய் ரன்ஸ்", "தி பாய்ஸ் ரன்". அவ்வளவுதான் விஷயம், இதற்கு ஏன் இவ்வளவு நீளம்?

ஆற்றங்கரை குழித்துறை:

அந்த வழி எட்டாம் கிளாஸ் வரைக்கும் நன்றாக ஓடும் தம்பி, நானும் அதில்தான் ஆரம்பித்தேன். "சில்ட்ரன்" என்று வந்தால் பெயரில் "ஸ்" இல்லை, அப்போது "சில்ட்ரன் ரன்ஸ்" என்று எழுதிவிடுவோம். "தி பஸ்" என்று வந்தால் பெயரிலேயே இருக்கிறது, வினையில் விட்டுவிடுவோம், "தி பஸ் கம்" என்று ஆகும். "ஐ", "யூ" இரண்டிலும் "ஸ்" இல்லை, வினையிலும் வராது. பரீட்சை வைப்பவருக்கு இந்த ஓட்டை எல்லாம் தெரியும், அங்கேதான் கேள்வி வைப்பார். இன்னொன்று, "வில்", "கேன்", "மஸ்ட்" வந்துவிட்டால் எழுவாய் எதுவானாலும் வினை மாறாது. இறந்தகாலத்தில் "வாஸ்", "வேர்" தவிர வேறெதுவும் மாறாது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வாக்கியங்களில் தேடவே வேண்டியதில்லை, நேரம் மிச்சம்.

தங்கச்சி, உன் ஜெராக்ஸ் தாளில் இருக்கும், இருந்தாலும் இரண்டை மட்டும் தனியாகச் சொல்கிறேன். "தி நம்பர் ஆஃப் ஷாப்ஸ் இஸ்", எண்ணிக்கை என்பது ஒன்று. "எ நம்பர் ஆஃப் ஷாப்ஸ் ஆர்", இது "பல கடைகள்" என்பதற்குச் சமம். முதல் எழுத்தைப் பார்க்காமல் ஓடினால் கால் மார்க் போய்விடும். இன்னொன்று "நெய்தர் ... நார்" வரும் வாக்கியம். அதில் மட்டும் நம் தமிழ்ப் பழக்கம் உதவும், வினைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தே முடிக்க வேண்டும்: "நெய்தர் தி ஓனர் நார் தி டிரைவர்ஸ் ஆர் ஹியர்."

தோவாளைப் பிச்சி:

ஐந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஓணம் நெருங்குவதால் லோடு ஒன்றுக்கு மூன்றாக வருகிறது, கேரளாவுக்குப் போகிற வண்டிகள் ராத்திரியே வந்து நிற்கின்றன. (வாத்தியார் சார், "நிற்கின்றன" என்று பார்த்துப் போட்டேன்.)

"பூக்களின் விலை" விஷயம் எனக்குப் பெரிய திறப்பு. யாரும் இதுவரை இதை எனக்குச் சொல்லவில்லை. நேற்று பேப்பரில் வட்டம் போட்டு அடித்தபோது ஒரு பக்கத்தில் ஆறு இடத்தில் அதே மாதிரி தலைச்சொல் முன்னால் போய் நின்றது. அம்மாவைப் பற்றியும் எழுதினேன், அப்புறம் கடை முதலாளியைப் பற்றி. சந்தையைப் பற்றி எழுதியதைக் கீழே போடுகிறேன், திருத்துங்கள்.

"தி மார்க்கெட் ஓபன்ஸ் பிஃபோர் சன்ரைஸ். தி ஸ்மெல் ஆஃப் தி ஃப்ளவர்ஸ் ஃபில்ஸ் தி ரோடு. மல்லி அண்ட் பிச்சி கம்ஸ் இன் தி சேம் வேன். ஈச் ஆஃப் தி ஷாப்ஸ் ஹேஸ் எ ஸ்கேல். மை ஓனர் ஷவுட்ஸ் தி ரேட் அண்ட் ஐ ரைட் இட். டூ தௌசண்ட் ருபீஸ் இஸ் எ குட் ரேட் ஃபார் எ கிலோ ஆஃப் பிச்சி. ஹாஃப் ஆஃப் தி ஃப்ளவர்ஸ் இஸ் வெட்."

கடைசி வாக்கியத்தில் வெட்டிப் பார்த்தேன், "ஹாஃப்" மட்டும் மிஞ்சியது, பாதி என்பது ஒன்று, அதனால் "இஸ்" போட்டேன். ஆனால் வாயில் சொல்லும்போது இடிக்கிறது.

இரணியல் வாத்தியார்:

நன்றாக வந்திருக்கிறது மக்களே. "ஸ்மெல் ஃபில்ஸ்" சரி, "ஈச் ஹேஸ்" சரி. ரூபாய் வாக்கியமும் சரி, ஆயிரம் ஆனாலும் ஒரு தொகை என்று எடுத்தால் ஒருமைதான், துணிந்து "இஸ்" போட்டாயே, அதுதான் எனக்குச் சந்தோஷம்.

"மல்லி அண்ட் பிச்சி" இரண்டு பூ, ஆகவே "கம்". இதுவும் நீ முதலில் எழுதிய "கணக்கும் ரீசனிங்கும் வந்துவிட்டது" என்பதும் ஒரே தப்பு, பார்த்தாயா? தமிழில் "உம்" வருகிற இடமும் இங்கிலீஷில் "அண்ட்" வருகிற இடமும் கண்ணில் பட்டால் ஒரு நொடி நின்று எண்ணு.

கடைசி வாக்கியம் உனக்கு இடித்தது நியாயம். குழித்துறைத் தம்பி சொன்ன வெட்டு பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் "ஹாஃப்", "மோஸ்ட்", "சம்", "ஆல்" என்று அளவைச் சொல்கிற வார்த்தைகளில் வெட்டக் கூடாது, "ஆஃப்"புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். "ஹாஃப் ஆஃப் தி லோட் இஸ் வெட்", "ஹாஃப் ஆஃப் தி ஃப்ளவர்ஸ் ஆர் வெட்". தமிழில் நாம் "பாதிப் பூக்கள் நனைந்துவிட்டன" என்றுதானே எழுதுவோம், பாதி என்பதற்காக "நனைந்துவிட்டது" என்று எழுதமாட்டோமே, அதே கணக்கு.

நாளைக்கு உனக்கு ஒரு வேலை. "மீன்" என்று ஒரு சொல். மீன் துள்ளியது, மீன் துள்ளின, இரண்டும் தமிழில் சரி, பெயர் மாறாது, வினையைப் பார்த்துத்தான் ஒன்றா பலவா என்று தெரியும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்திருப்பாய். இங்கிலீஷிலும் "ஃபிஷ்", "ஷீப்" அப்படித்தான். கொளச்சல் கடற்கரையில் ஏலம் நடப்பதாக நினைத்துக்கொண்டு "ஃபிஷ்" வைத்து பத்து வாக்கியம் எழுது, ஐந்து ஒருமை, ஐந்து பன்மை.

தோவாளைப் பிச்சி:

சரி சார், எழுதிவிட்டு ராத்திரி போடுகிறேன். நைட் டியூட்டி அக்கா, ரெக்கார்டும் ஆரம்பித்துவிட்டேன், இன்றைக்குப் பன்னிரண்டு வினைக்கு ஐந்து விரல் மடங்கியது.